கொஞ்சம் புளி இருக்கா?

கேரளத்து மலையில், ஏலப்பாறைக்கு மேலே, வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் எஸ்டேட் லயத்தில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரை போகாது. கட்டினவனுக்குக் கல் தீர்ந்துபோனதோ, இவர்களுக்கு இது போதும் என்று நினைத்தானோ, தெரியவில்லை. தகரத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழம் திறந்து கிடக்கும். அந்த வழியாகப் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வரும், இருமல் வரும், குறட்டை வரும். சண்டையும் வரும்.

அதனால் எங்களுக்குள் ஒரு மரியாதை இருந்தது. பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி குரல் உயர்ந்தால் நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவோம். யாரும் பேசி வைத்த சட்டமில்லை. உங்கள் மானம் உங்களோடு, நாங்கள் எதையும் கேட்கவில்லை என்று சொல்லும் வழி அது. நானும் என் வீட்டுக்காரரும் மீன்குழம்பில் உப்புக்காக வாய்ச்சண்டை போட்ட நாட்களில் இரண்டு பக்கமும் டிவி அலறும். எனக்கு அப்போது நன்றியாகத்தான் இருக்கும். மறுநாள் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்க நிற்கும்போது யாரும் யார் முகத்தையும் உற்றுப் பார்க்க மாட்டோம்.

என் வீட்டுக்காரர் பெரியமுத்துவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேயிலை ஃபாக்டரியில் மிஷின் பக்கத்தில் நின்று நின்றே காது போன மனுஷன். ஒரு காது சுத்தமாகக் கேட்காது. இன்னொன்று அவர் மனசு வைத்தால் கேட்கும். ரேஷன் கடைக்குப் போங்கள் என்று கத்தினால் கேட்காது. வடைக்கு மாவு ஆட்டியிருக்கிறேன் என்று முணுமுணுத்தால் கேட்கும். லயத்தில் எல்லோரும் அவரிடம் உரக்கத்தான் பேசுவார்கள், அவர் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டுவார். தங்கமான ஆள். இதை அவர் எதிரில் சொல்ல மாட்டேன்; சொன்னாலும் காதில் விழாது.

எங்களுக்கு இடப்பக்கத்து வீடு செல்வப்பிரியாவுடையது. அவள் அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். அம்மா ரிட்டையராகி, போடியில் இருக்கும் மகனோடு போய்விட்டாள். அந்த வேலையும், வேலைக்குக் கொடுத்த வீடும் பிரியா பேருக்கு மாறின. சின்னதில் என் மடியில் தலையைச் சாய்த்துப் பேன் பார்க்கச் சொல்லி அப்படியே தூங்கிப்போகிற பிள்ளை அவள். அவளைக் கட்டி, வீட்டோடு மாப்பிள்ளையாக அஜய் வந்து சேர்ந்தபோது லயமே சந்தோஷப்பட்டது.

சக்குபள்ளத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பம் அவனுடையது. அவன் மட்டும் வயரிங் படித்து, ஊர் ஊராக டிஷ் மாட்டிக்கொண்டிருந்தான். எங்கள் லயத்தில் எல்லா வீட்டு டிவியும் அவன் கை பட்டதுதான். காசு வாங்க மாட்டான். டவுனுக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று மருந்து வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போவான். குடிக்க மாட்டான். இந்த மலையில் குடிக்காத ஆம்பளைக்குச் சாமிக்கு அடுத்த இடத்தை நாங்களே தூக்கிக் கொடுத்துவிடுவோம்.

அதோடு பெண்டாட்டி மேல் அவ்வளவு பிரியம், அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். தேயிலைக் காட்டில் வேலை செய்துகொண்டிருக்கும்போது அடிக்கடி வீடியோவில் கூப்பிடுவான். பிரியா கத்தரியை இடுக்கிக்கொண்டு போனைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள்: இந்தா மாரித்தாய் அத்தை, இந்தா செல்வலட்சுமி அக்கா, இந்தா சூப்பர்வைசர். மாரித்தாய் நான்தான், முகத்தைத் துடைத்துக்கொண்டு போனுக்குள் பல்லைக் காட்டியிருக்கிறேன். ஒரு பொழுது பெண்டாட்டியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லையே இந்தப் பையனுக்கு என்று பெருமூச்சு விட்டிருக்கிறோம். பிரியாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிடுவதை யார் கவனித்தது? குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்துக்கு வருவதை அவள் நிறுத்தினாள். புதுப்பெண், புருஷனோடு இருக்கட்டும் என்றோம். கொழுந்து எடுக்கும்போது நாங்கள் எல்லோருமே சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போடுவோம். யார் கையில் என்ன காயம் என்பது உள்ளே ஏறிய அட்டைக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் டீ குடிக்க உட்கார்ந்தபோது, போனைச் சாக்குக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"அத்தே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியளே?"

"சொல்லுட்டி."

"சாயந்திரம் டிவி சத்தத்தக் கூட்டாதீங்க அத்தே."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. யார் வீட்டு மானத்துக்காக நாங்கள் காது செவிடாகிறோம்? என் வீட்டு டிவியை எவ்வளவு சத்தத்தில் வைக்க வேண்டும் என்று நேற்றுப் பிறந்தது எனக்குச் சொல்கிறதா? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். போன் அடித்தது, அவள் எழுந்து போய்விட்டாள். அன்று முழுவதும் கத்தரியால் தேயிலைச் செடியை ஓங்கி ஓங்கி வெட்டிக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் நானும் என் வீட்டுக்காரரும் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்தது. என்னவோ நடக்கிறது என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அவர் வழக்கம்போல் ரிமோட்டை எடுத்தார். நான் அதைப் பிடுங்கி டிவியையே அணைத்தேன். கேட்கட்டும், லயமே கேட்கட்டும், அவள் ஆசைப்பட்டது அதுதானே என்று வீம்பு.

கேட்டது.

"அழு. நல்லாச் சத்தமா அழு. ஒருத்தரும் வர மாட்டாங்க. டிவியத்தான் கூட்டி வைப்பாங்க."

அஜய்தான். கத்தவில்லை. மருந்து வேண்டுமா அத்தே என்று கேட்பானே, அதே குரல், அதே இதம். பிறகு அடி விழும் சத்தம். அவள் அழவே இல்லை. பாவிப்பெண் என்னிடம் டிவியைப் பற்றியா பேசினாள்? வாருங்கள் என்றல்லவா கூப்பிட்டிருக்கிறாள். நாங்கள் மரியாதை என்று கூட்டிய சத்தத்தை அவன் தனக்கு மறைப்பாக வைத்துக்கொண்டிருக்கிறான். அவள் எங்களுக்குக் கேட்கும்படி அழுதுதான் பார்த்திருப்பாள். அழுதபோதெல்லாம் நாங்கள் சத்தத்தைக் கூட்டியிருக்கிறோம்.

நான் அரிவாளை எடுத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, எடுத்தேவிட்டேன். என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார். என்ன என்று கேட்கவில்லை. என் முகம் சொன்னது அவருக்குப் போதும். அரிவாளை வாங்கி மூலையில் வைத்துவிட்டு ஒரு கிண்ணத்தை என் கையில் திணித்தார்.

"இதக் கொண்டு போ. ஏதாவது கேளு. உள்ள போயி உக்காந்துக்கோ."

கதவைத் தட்டினேன். உள்ளே சத்தம் நின்றது. அஜய் திறந்தான், முகம் நிறையச் சிரிப்பு. கொஞ்சம் புளி இருக்கா என்று கேட்டுக்கொண்டே அவனைத் தாண்டி உள்ளே போனேன். பிரியா அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து, ஒரு கன்னத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தாள். அவனே புளி எடுத்துக் கிண்ணத்தில் வைத்தான். நான் போகவில்லை. பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வராத மழையையும் வந்த அட்டையையும் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். அவன் கொட்டாவி விட்டுப் படுக்கப் போகும்வரை பேசினேன். எழுந்து வரும்போது பிரியா என் சேலை நுனியை ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டாள்.

மறுநாள் செல்வலட்சுமியிடம் சொன்னேன். அவள் வீடு பிரியாவுக்கு அந்தப் பக்கம். எனக்கும் ரொம்ப நாளாகச் சந்தேகம் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் இரண்டு பேரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது, யாருமே என்னவென்று கேட்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்தோம். அந்த வீட்டில் குரல் மாறினால் டிவியை அணைப்பது, ஒருத்தி கிண்ணத்தோடு போவது. ஒருத்தி உப்பு கேட்டாள், ஒருத்தி தீப்பெட்டி, ஒருத்தி இல்லாத பேரனுக்கு இருமல் மருந்து. கடன் வாங்கியே அந்த வீட்டுப் பலசரக்கை முக்கால்வாசி காலி பண்ணிவிட்டோம். அடுத்த மாதம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தோம், அது வேறு விஷயம்.

வீடு வீடாக உடம்பு விசாரிக்க வரும் எங்கள் வார்டு ஆஷா வர்க்கர் லிஜி. கோட்டயத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மலையாளத்துப் பெண், எங்களோடு பழகிப் பழகி அவள் தமிழ் எங்கள் மலையாளம் மாதிரியே ஆகிவிட்டது. அவளிடம் போய் இன்றைக்கே போலீஸைக் கூட்டி வா என்று குதித்தேன். அவள் என்னை உட்கார வைத்துக் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தாள்.

"சேச்சி, ஆத்யம், முதல்ல, அவளுக்கு என்ன வேணும்னு அவகிட்டக் கேக்கணும். நம்ம அவசரத்துக்கு அவ அடி வாங்கக் கூடாது."

ஒரு பெண் வெளியேறப் போகிறாள் என்று தெரிகிற நேரத்தில்தான் இப்படிப்பட்டவன் ரொம்ப மோசமாவான் என்றாள். 181 என்ற நம்பருக்கு எந்த நேரமும் பேசலாம், போய்த் தங்கக் குடும்பஸ்ரீயின் ஸ்நேகிதா இல்லம் இருக்கிறது, வக்கீலுக்குக் கூடக் காசு வேண்டாம் என்றாள். ஆதார் கார்டையும் சர்ட்டிபிகேட்டையும் எங்கே வைத்திருக்கிறாள் என்று விசாரிக்கச் சொன்னாள். எல்லாம் சரி, அவளோடு தனியாகப் பேசுவது எப்படி? போன் எந்த நேரமும் அவள் மடியில் இருக்கிறதே.

அதற்குள் அஜய் மோப்பம் பிடித்துவிட்டான். ஒரு வாரம் பொறுத்தான். பிறகு எல்லா வாசலிலும் நின்று நல்ல செய்தி சொன்னான். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீசியன் வேலையாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வருகிறதாம். பிரியா இனி வெயிலிலும் மழையிலும் கொழுந்து எடுக்க வேண்டாமாம்.

"தனி வீடு அத்தே. சுத்திக் காம்பவுண்டு. யார் தொந்தரவும் இல்ல."

வேறு யார் சொல்லியிருந்தாலும் வாயெல்லாம் பல்லாக வாழ்த்தியிருப்பேன். மேலே திறந்து கிடக்காத சுவர்கள், நான்கு பக்கமும் முள்கம்பி போட்ட காம்பவுண்டு, நடுவில் இந்தப் பிள்ளை. பாலக்காட்டுக்கும் அந்தப் பக்கம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நான் எந்த பஸ்ஸில் போவது?

லிஜிதான் வழி கண்டுபிடித்தாள். சனிக்கிழமை கொழுந்து நிறுக்கும் ஷெட்டுக்கு பிரஷர் பார்க்கும் மிஷினோடு வந்தாள். வரிசையாக எல்லோருக்கும் பார்த்தாள். மிஷின் பக்கத்தில் போன் இருந்தால் அளவு தப்பாகக் காட்டும் என்று கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு, எல்லோர் போனையும் வெளியே வாங்கி வைத்தாள். பிரியாவின் போன் என் கைக்கு வந்தது. பிரியா உள்ளே போனாள், கதவு சாத்திக்கொண்டது.

உடனே அந்தப் போன் அடித்தது. எடுத்தேன். பிரியா எங்கே என்றான் அஜய். அவளுக்குப் பிரஷர் குறைந்திருக்கிறது, சிஸ்டர் படுக்க வைத்திருக்கிறாள் என்றேன். ஷெட்டைக் காட்டுங்கள் என்றான். கதவைக் காட்டினேன், லிஜியின் பையைக் காட்டினேன், என் மூக்கைக் காட்டினேன். என்ன பேசுவது என்று தெரியாமல், எங்கள் வீட்டு ரிமோட்டில் சேனல் மாற மாட்டேன் என்கிறது என்று ஆரம்பித்தேன். அவன் எவ்வளவு பொறுமையாக விளக்கினான் தெரியுமா? பேட்டரியைக் கழற்றுங்கள் அத்தே, துடைத்துப் போடுங்கள் அத்தே. அந்தப் பொறுமையைத்தான் அவன் எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறான்.

கதவு திறந்து லிஜி வந்தாள். 181-இல் பேசியாயிற்று. நாளைக் காலை ஸ்டேஷனிலிருந்து வனிதா போலீஸ், அதாவது பெண் போலீஸ், வரும், திங்கட்கிழமை பாதுகாப்பு அதிகாரியிடம் மனு. ஆனால் பிரியா ஸ்நேகிதாவுக்குப் போக மாட்டேன் என்கிறாளாம். எனக்கு வந்ததே கோபம். நான் எட்டுமுழச் சேலைக்குள் நடுங்கிக்கொண்டு அவனோடு ரிமோட் பேசியதெல்லாம் இதற்கா? திரும்ப அவன் காலடிக்கே போகப் போகிறாளா? உள்ளே நுழைந்து அதையே கேட்டேன்.

பிரியா அழுது முடித்திருந்தாள். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"நான் எதுக்கு அத்தே போவணும்? எங்கம்மா முட்டி தேய நின்னு வாங்குன வேல, எம்பேர்ல உள்ள வீடு. அவரு போவட்டும்."

இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அடிபட்டவள்தான் மூட்டை கட்ட வேண்டும் என்று நான் எப்படி முடிவு செய்தேன்? அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கொழுந்து வாசமும் வியர்வை வாசமுமாக, சின்னதில் இருந்த அதே பிள்ளை. அன்று சாயந்திரம் லயத்தில் ஒரு டிவியும் ஓடவில்லை. நானும் செல்வலட்சுமியும் மாறி மாறிப் போய், பெட்டி கட்ட உதவுகிறோம் என்று அந்த வீட்டிலேயே கிடந்தோம். கட்டியதை விட அவிழ்த்ததுதான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வந்து நின்றது. அஜய் டிவியையும் சிலிண்டரையும் ஏற்றினான். பிரியா வாசற்படியில் நின்றாள், இறங்கவில்லை. ஏறு என்றான் மெதுவாக. அவள் நான் வரவில்லை என்றாள். அவன் அவள் கையைப் பிடிப்பதற்கும், வளைவில் போலீஸ் ஜீப் திரும்புவதற்கும் சரியாக இருந்தது. வனிதா போலீஸ் இறங்கியது, கூடவே லிஜியும் பஞ்சாயத்து மெம்பரும்.

அவன் கொஞ்சமும் பதறவில்லை. சிரித்தான். புருஷன் பெண்டாட்டிக்குள் சின்னப் பிணக்கம், இவளுக்குப் புது ஊர் என்றால் பயம் என்று நல்ல மலையாளத்தில் சொன்னான். போலீஸ்காரப் பெண்ணும் அவன் முகத்தையும் பேச்சையும் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். அவன் எங்கள் பக்கம் திரும்பினான். லயமே வாசலில் நின்றது. ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் அவன் மாட்டிய டிஷ்.

"நீங்களே சொல்லுங்க. என்னிக்காவது எங்க வீட்டுலருந்து ஒரு சத்தம் கேட்டிருக்கா?"

தெரிந்துதான் கேட்டான். எங்கள் மரியாதையை அவ்வளவு நம்பினான். யாரும் வாய் திறக்கவில்லை. பழக்கம் அப்படி நாக்கைக் கட்டிப்போட்டது. வாய்க்குப் பேர்போன நானே சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன். பிரியா எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அப்போது என் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் முன்னால் போனார். லயத்தில் யாரிடமும் அதிர்ந்து பேசாதவர், காது கேட்காதவர்கள் பேசுவதுபோல் ஓங்கிய குரலில் சொன்னார்:

"எனக்கே கேட்டுச்சு."

மெம்பருக்கு அவரைத் தெரியும், அவர் காதையும் தெரியும். மெம்பரின் தலை குனிந்துவிட்டது. செல்வலட்சுமி எனக்கும் கேட்டது என்றாள். நானும் சொன்னேன். அப்புறம் அந்தக் கோடி வீடு வரை வரிசையாக எல்லோரும் சொன்னார்கள். பிரியா சட்டைக் கையை மடக்கி, போலீஸ்காரப் பெண்ணிடம் கையை நீட்டினாள். வண்டியில் ஏறிய டிவியும் சிலிண்டரும் திரும்ப இறங்கின. ஜீப் அஜயை ஏற்றிக்கொண்டு போனது.

எல்லாம் அதோடு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவன் அந்த வீட்டுப்பக்கம் வரக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கியிருக்கிறது, கேஸ் நடக்கிறது. அவன் பக்கத்து ஆட்கள் சமாதானம் பேச வருகிறார்கள், நான் டீ கொடுத்து அனுப்பிவிடுகிறேன். பிரியா மாதம் ஒரு முறை லிஜியோடு கவுன்சிலிங் போய் வருகிறாள். சில நாள் அவனை நினைத்து அழுகிறாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டேன்.

போன வாரம் எங்கள் வீட்டில் மீன்குழம்பு. உப்பு கூடிப்போச்சு என்றார் இவர். இந்த வயசில் உங்கள் நாக்குக்கு எல்லாமே உப்பாகத்தான் தெரியும் என்றேன். அவர் தட்டை நகர்த்தினார், நான் கரண்டியைப் போட்டேன், பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது. கத்திக்கொண்டிருக்கும்போதே பாதியில் உணர்ந்தேன், எந்தப் பக்கமும் டிவி சத்தம் கூடவில்லை. லயம் முழுக்க அமைதி. கதவு தட்டும் சத்தம்.

பிரியா நின்றாள், கையில் காலிக் கிண்ணம்.

"கொஞ்சம் புளி இருக்கா அத்தே?"

கேட்டது வாய். கண் என் கன்னத்தைப் பார்த்தது, இரண்டு கையையும் பார்த்தது, தரையில் கிடந்த கரண்டியைப் பார்த்தது, என் வீட்டுக்காரரை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்தது. பாவம், அவர் என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். சும்மா உப்புச் சண்டைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது. அவள் உள்ளே வந்து, பலகையை இழுத்துப்போட்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் அவளுக்கும் ஒரு தட்டு வைத்தேன். குழம்பில் உப்பு கூடத்தான் இருந்தது.